தார் பாலைவனத்தில் அரண்மனை ரயில்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேலஸ் ஆன் வீல்ஸ், மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ் என்ற சொகுசு ரயில்களின் பெயர்களைக் கேட்டதும், அகன்ற ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி நாள் முழுக்க மணல்மேடுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இந்த ரயில்கள் ஓடுவதோ பெரும்பாலும் இரவில். பகலில் ஏதாவது ஓர் ஊரில் நிற்கும். பயணிகள் பஸ்ஸில் ஏறிக் கோட்டை, அரண்மனை, ஏரி எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்புவார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து படுத்தால், விடியும்போது அடுத்த ஊர். ஊர் ஊராக நகரும் ஹோட்டல் என்று எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

இது தெரியாமல் லட்சக்கணக்கில் பணம் கட்டிவிட்டுப் போகிறவர், ஒரு வாரம் ராஜஸ்தானில் இருந்தும் பாலைவனத்தைக் கண்குளிரப் பார்க்கவில்லையே என்ற குறையோடு திரும்ப நேரிடும். எந்தத் தடம் என்பதிலிருந்து எந்த நாள் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும் என்பது வரை முன்கூட்டியே யோசித்துச் செய்தால் அந்தக் குறை வராது.

முதலில் தடம், பிறகுதான் ரயில்

விளம்பரப் படத்தில் இருக்கும் அறையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எந்த ஊரில் எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்ற பயண அட்டவணையை முதலில் கையில் வாங்குங்கள்.

பேலஸ் ஆன் வீல்ஸ் 1982 ஜனவரி 26 அன்று தொடங்கியது. ராஜஸ்தான் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் இந்திய ரயில்வேயும் சேர்ந்து கொண்டுவந்தது. வழக்கமான பயணம் 7 இரவுகள். புதன்கிழமை மாலை டெல்லி சப்தர்ஜங் நிலையத்தில் புறப்பாடு. வியாழன் ஜெய்ப்பூர். வெள்ளி காலை சவாய் மாதோபூரில் இறங்கி ரந்தம்பூர் புலிகள் காப்பகம், பிற்பகலில் சித்தோர்கர் கோட்டை. சனி உதய்பூர், ஞாயிறு ஜெய்சல்மேர், திங்கள் ஜோத்பூர், செவ்வாய் பரத்பூரும் ஆக்ராவும். மறுநாள் புதன் காலை மீண்டும் டெல்லி. இந்த வரிசையில் தார் பாலைவனத்தின் நடுப்பகுதிக்கு ரயில் போவது சனி இரவிலிருந்து திங்கள் வரைதான். மற்றவை அரவல்லி மலையும் அதற்குக் கிழக்கே உள்ள நிலமும்.

மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ் 2010-இல் ஓடத் தொடங்கியது, நடத்துவது ஐ.ஆர்.சி.டி.சி. மொத்தம் 23 பெட்டிகள், பயணிகளோ 80 பேருக்குச் சற்று மேல்தான். அறைகள் பெரியவை. பிரெசிடென்ஷியல் சூட் என்பது ஒரு முழுப் பெட்டியையே எடுத்துக்கொள்கிறது. ஆனால் இந்த ஒரே ரயில் பல தடங்களில் போகிறது, புதியவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். 'டிரெஷர்ஸ் ஆஃப் இந்தியா' என்ற குறுகிய பயணம் ஆக்ரா, ரந்தம்பூர், ஜெய்ப்பூரோடு முடிந்துவிடுகிறது. அதில் பாலைவனமே கிடையாது. 'இந்தியன் பனோரமா' கஜுராஹோ, வாரணாசி என்று கிழக்கே போய்விடும். டெல்லிக்கும் மும்பைக்கும் இடையே ஓடும் 'ஹெரிட்டேஜ் ஆஃப் இந்தியா', 'இந்தியன் ஸ்ப்ளென்டர்' இரண்டும்தான் பிக்கானேர், ஜோத்பூர் வழியாகப் போகின்றன. அவையும் ஜெய்சல்மேரைத் தொடுவதில்லை.

என்னைக் கேட்டால், பாலைவனத்தைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் பேலஸ் ஆன் வீல்ஸ். வசதியும் கவனிப்பும்தான் முக்கியம், பிக்கானேரின் மணலே போதும் என்றால் மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ். அட்டவணைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பருவத்துக்கான அட்டவணையையே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பழைய பெட்டிகளைப் பார்க்க வேண்டும் என்றால்

மகாராஜாக்கள் பயணம் செய்த பெட்டியிலேயே நாமும் போகிறோமா? 1982-இல் அப்படித்தான் இருந்தது. ராஜபுதன மன்னர்கள், பரோடா அரசர், ஹைதராபாத் நிஜாம், வைஸ்ராய் ஆகியோருக்காகச் செய்யப்பட்ட சலூன் எனும் தனிச் சொகுசுப் பெட்டிகளைத் தேடி எடுத்துச் சீர்செய்து கோத்ததுதான் முதல் பேலஸ் ஆன் வீல்ஸ். அவை மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் பெட்டிகள். 1990-களில் ராஜஸ்தானின் பாதைகள் ஒவ்வொன்றாக அகலப் பாதையாக மாறியபோது அவற்றுக்கு ஓட இடமில்லாமல் போயிற்று. இன்று நீங்கள் ஏறும் பெட்டிகள் பிற்காலத்தில் கட்டப்பட்டவை. குளிர்சாதனம், அறைக்குள்ளேயே குளியலறை எல்லாம் உள்ள நவீனப் பெட்டிகள். மேல் அலங்காரம் மட்டும் அரண்மனைப் பாணி.

அசல் சலூனைக் காண ஆசை இருந்தால், ரயில் ஏறும் நாளன்று காலையை டெல்லி சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். 1875-இல் வேல்ஸ் இளவரசரின் இந்தியப் பயணத்துக்காகச் செய்த சலூனும், மைசூர் மகாராஜாவின் 1899-ஆம் ஆண்டு சலூனும் அங்கே நிற்கின்றன. பர்மாத் தேக்கில் தந்த வேலையும் தங்க வேலையும் சேர்ந்த மைசூர் சலூனின் உட்புறத்தைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு மாலையில் ரயிலில் ஏறினால், எதைப் பார்த்து எதைச் செய்திருக்கிறார்கள் என்பது புரியும். சப்தர்ஜங் நிலையம் அங்கிருந்து தூரமில்லை. திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. புதன் புறப்பாட்டுக்கு அது இடைஞ்சல் இல்லை.

இந்தப் பாலையில் தண்டவாளம் போட்டவர்களும் சமஸ்தானங்களே. மார்வார் ஜங்ஷனிலிருந்து பாலி என்ற ஊர் வரை ஜோத்பூர் அரசின் பாதை 1882-இல் திறந்தது, ஜோத்பூருக்கு ரயில் வந்தது 1885-இல், பிக்கானேருக்கு 1891-இல். மழை பொய்த்தால் கால்நடையோடு ஊரே இடம்பெயர வேண்டியிருந்த சீமை அது. 1899–1900 பஞ்சத்தை அங்கே இன்றும் 'சப்பனியா அகால்' என்று சொல்கிறார்கள்; விக்ரம ஆண்டு 1956-இல் வந்த பஞ்சம். தானியத்தையும் தீவனத்தையும் வெளியிலிருந்து கொண்டுவர ரயில் எவ்வளவு முக்கியம் என்பதை அந்தப் பஞ்சம் காட்டியது. பிக்கானேரின் மகாராஜா கங்கா சிங் அதன் பிறகு பல ஆண்டுகள் பாடுபட்டு, 1927-இல் சட்லஜ் நதியிலிருந்து கங் கால்வாயையே கொண்டுவந்துவிட்டார். இந்தத் தண்டவாளத்துக்கு இப்படி ஒரு பின்கதை இருப்பதை அறிந்து போவது நல்லது.

எந்த மாதம்

இந்த ரயில்கள் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரைதான் ஓடும். தொடக்கத்திலும் முடிவிலும் கட்டணம் குறைவாக இருக்கும், வெயில் கடுமையாக இருக்கும். ஏப்ரலில் ஜெய்சல்மேர் கோட்டைக்குள் பகல் 11 மணிக்கு நடப்பது வயதானவர்களுக்கு ஆகாது. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் பார்க்க அழகு. ஆனால் டெல்லி, ஆக்ரா பகுதியில் மூடுபனி இறங்கி ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அந்த மாதங்களில் பாலைவன இரவு நம் ஊர்க்காரர்கள் எதிர்பார்க்கும் குளிரைவிடக் கடுமையானது. 5 டிகிரி வரை இறங்குவது சாதாரணம்.

நவம்பர் அல்லது பிப்ரவரியைத்தான் நான் பரிந்துரைப்பேன். வட இந்திய மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் பிப்ரவரியில், ஜெய்சல்மேரில் பாலைவனத் திருவிழா நடக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடலாம். நட்சத்திரம் பார்க்க விரும்புகிறவர்கள் ஜெய்சல்மேர் ஞாயிறு அமாவாசைக்குப் பக்கத்தில் விழுகிறதா என்று காலண்டரைப் பார்த்து நாள் குறிக்கலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

ராஜஸ்தான் சுற்றுலா வளர்ச்சிக் கழகம், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகியவற்றின் அதிகாரபூர்வ வழிகளில் விலையைப் பார்த்துவிட்டுத்தான் முகவர்களிடம் பேச வேண்டும். ஒரே ரயிலின் பெயரில் பல இணையதளங்கள் இருக்கின்றன. எது அசல் என்று ஒரே பார்வையில் சொல்ல முடியாது.

விளம்பரத்தில் வரும் தொகை பெரும்பாலும் 'ஒருவருக்கு, இருவர் ஓர் அறையில் தங்கும் கணக்கில், ஓர் இரவுக்கு' என்று இருக்கும். ஆகவே தம்பதியருக்கு அதை இரண்டாலும், பிறகு இரவுகளின் எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும். தனியாகப் போகிறவர் ஓர் அறைக்கு ஏறக்குறைய இருவர் கட்டணத்தையே கொடுக்க நேரிடலாம். ஜிஎஸ்டி சேர்த்த விலையா, சேர்க்காத விலையா? இந்தியக் குடிமக்களுக்கு ரூபாயில் தனிக் கட்டணம் உண்டா? கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்துக்குக் கூடுதலாக எவ்வளவு? குழந்தைகளுக்கு எந்த வயது வரை சலுகை? ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு பிடிப்பார்கள்? ரயில் தரப்பே ரத்து செய்தால் என்ன ஏற்பாடு? இவ்வளவையும் தொலைபேசியில் கேட்டுத் திருப்திப்படாமல் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்.

கட்டணத்தில் பொதுவாக அறை, மூன்று வேளைச் சாப்பாடு, சுற்றிப் பார்க்கும் பஸ், வழிகாட்டி, நுழைவுச் சீட்டு எல்லாம் அடங்கும். மது, சலவை, ஸ்பா, வீடியோ கேமரா கட்டணம், அன்பளிப்பு ஆகியவற்றுக்குத் தனியாக எடுத்துவைக்க வேண்டியிருக்கலாம்.

இரண்டு சின்ன விஷயங்களை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். பெட்டியின் இரு முனைகளிலும் உள்ள அறைகள் சக்கரங்களுக்கு மேலே இருப்பதால் குலுக்கலும் சத்தமும் அதிகம். நடுவில் உள்ள அறையைக் கேளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் உணவுப் பெட்டிக்கு அருகிலுள்ள பெட்டியைக் கேட்க வேண்டும். ஓடும் ரயிலில் ஒவ்வொரு வேளையும் ஏழெட்டுப் பெட்டிகளைக் கடந்து நடப்பது அவர்களுக்குப் பெரிய தொல்லை.

மூட்டை கட்டும்போது

அறை அழகாக இருக்கும், பெரிதாக இருக்காது. கட்டிலுக்குக் கீழே நுழையும் மெத்தென்ற பைகளைக் கொண்டுபோங்கள். கடினமான பெரிய சூட்கேஸ் ஒன்று இருந்தால் அதைத் தாண்டித் தாண்டித்தான் ஒரு வாரமும் நடக்க வேண்டியிருக்கும்.

கோட்டைகள் எல்லாமே மேடு, படிக்கட்டு, வழுவழுத்த கல். நன்கு பிடிக்கும் காலணி வேண்டும். குளிர்காலத்தில் அதிகாலைச் சவாரிக்குக் குல்லாவும் சால்வையும் அவசியம். ரந்தம்பூரில் திறந்த ஜீப்பில் அரை இருட்டில் போகும்போது காற்று எலும்பைத் துளைக்கும். ஜெய்சல்மேர் கோட்டைக்குள் உள்ள சமணக் கோயில்களில் தோல் பொருள்களுக்கு அனுமதி இல்லை. அன்று மட்டும் துணி பெல்ட், துணிப் பை. இரவு விருந்துக்குப் பட்டுச் சேலையோ ஒரு நல்ல குர்தாவோ போதும். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், ஜெய்சல்மேர் எல்லை மாவட்டம். அடையாள அட்டையின் அசலும், வெளிநாட்டுக் குடிமக்கள் என்றால் கடவுச்சீட்டும் விசாவும் கையிலேயே இருக்கட்டும்.

தொலைவிலிருந்து வருகிறவர்கள் டெல்லிக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து சேருங்கள். சென்னையிலிருந்து ரயிலில் வந்தாலும் விமானத்தில் வந்தாலும் இது பொருந்தும். அதே போல, திரும்பும் நாள் காலை விமானத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். இந்த ரயில்களும் மற்ற ரயில்களுக்கு வழிவிட்டு நிற்கும், தாமதமாகும்.

முதல் மாலையும் அன்றாட ஒழுங்கும்

நிலையத்தில் மாலை, திலகம், ஷெனாய் எல்லாம் இருக்கும். அறையைக் காட்டியதும் உங்கள் பெட்டியின் உதவியாளரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். அவர்களைக் 'கித்மத்கார்' என்பார்கள். வெந்நீர் எப்போது நன்றாக வரும், காலையில் எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும், மருந்துகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க முடியுமா, காபி எவ்வளவு வலுவாக வேண்டும் என்பதையெல்லாம் அன்றே சொல்லிவிட்டால் ஒரு வாரமும் நிம்மதி. சைவம் சாப்பிடுகிறவர்கள் முட்டை, சூப்பில் சேர்க்கும் இறைச்சிச் சாறு பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

முதல் இரவு தூக்கம் சரியாக வராது. ஆட்டம் பழக ஓர் இரவு பிடிக்கும். ஜெய்ப்பூர் நாளை அதனால் இலகுவாக வைத்துக்கொள்ளுங்கள். 1727-இல் இரண்டாம் சவாய் ஜெய்சிங் கட்டிய ஊர். அவர் அமைத்த ஜந்தர் மந்தரின் ராட்சத வானியல் கருவிகளுக்கு அதிக நேரம் கொடுங்கள். ஹவா மகாலைத் தெருவில் நின்று பார்த்தாலே போதும். ஆம்பேர் கோட்டைக்கு மேலே ஏற யானையைத் தவிர்த்து ஜீப்பில் போகலாம். வெயிலில் கல்பாதையில் நாள் முழுக்க ஆள் சுமக்கும் அந்த யானைகளைப் பார்த்த பிறகு, அதில் ஏற எனக்கு மனம் வரவில்லை.

சித்தோர்கரில் பொழுது சாயும் நேரத்தில் இருப்பீர்கள். ராணா கும்பா 1448-இல் கட்டி முடித்த ஒன்பது நிலை வெற்றித் தூணின் சிற்பங்கள் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரியும். உதய்பூரில் பிச்சோலா ஏரிப் படகைத் தவறவிட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை

முழுப் பயணத்திலும் நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். உதய்பூரை விட்டுக் கிளம்பும் ரயில் இரவு முழுக்க ஓடி, ஞாயிறு காலைச் சிற்றுண்டி நேரத்தையொட்டி ஜெய்சல்மேரை அடைகிறது. அதற்கு முந்தைய ஓரிரு மணி நேரம்தான் வெளிச்சத்தில் ரயிலிலிருந்தே பாலைவனத்தைப் பார்க்கக் கிடைக்கும் பொழுது. முந்தைய இரவு வெகுநேரம் விழித்திருந்தவர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

நாட்டின் மேற்குக் கோடி என்பதால் அங்கே சூரியன் தாமதமாகத்தான் உதிக்கும். ஜனவரியில் ஏழரை மணி நெருங்கிவிடும், அக்டோபரில் ஆறே முக்கால் சுமார். உதயத்துக்கு அரை மணி முன்னதாக எழுப்பும்படி உதவியாளரிடம் சொல்லிவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு லவுஞ்ச் எனும் பொது அமர்வுப் பெட்டியில் போய் உட்காருங்கள். சொந்த அறையில் ஒரு பக்கம்தான் தெரியும். லவுஞ்சில் இரு பக்கமும் தெரியும்.

பலோதி, ராம்தேவ்ரா, பொக்ரான் வட்டாரத்தைத் தாண்டி வரும் பாதை அது. ராம்தேவ்ராவில் உள்ள ராம்தேவ் பீர் என்ற மகானின் சமாதிக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வருகிறார்கள். பொக்ரான் 1974-லும் 1998-லும் அணுகுண்டுச் சோதனை நடந்த பகுதி. ஜன்னலுக்கு வெளியே அலையலையான மணலை எதிர்பார்க்காதீர்கள். சரளையும் புதரும் கலந்த தட்டையான நிலம், எருக்கஞ்செடி, முள்வேலி போட்ட வட்டக் குடிசைக் கூட்டங்கள், அவற்றை 'டாணி' என்பார்கள், மழைநீரைச் சேமிக்கும் மூடிய தொட்டிகள், தூரத்தில் காற்றாலைகள். அதிர்ஷ்டம் இருந்தால் சிங்காரா மான் தண்டவாளத்துக்கு அருகிலேயே நின்று பார்க்கும். உலகத்தில் மக்கள் நெருக்கமாக வாழும் பாலைவனங்களில் தார் ஒன்று. யாருமற்ற வெளி என்று எண்ணிப் போகிறவருக்கு, எங்கு பார்த்தாலும் ஒரு வீடு, ஓர் ஆட்டு மந்தை, தலையில் குடத்தோடு ஒருத்தி தென்படுவது ஆச்சரியமாக இருக்கும்.

ஒற்றை ஒற்றையாக நிற்கும் மரங்களைக் கவனியுங்கள். 'கேஜ்ரி' என்று அங்கே சொல்லும் அந்த மரம் நம் கோயில்களில் தலமரமாக இருக்கும் வன்னிதான். ராஜஸ்தானின் மாநில மரம். 1730-இல் ஜோத்பூர் அரண்மனைக்காக இதை வெட்ட வந்தபோது, கேஜர்லி கிராமத்தில் அம்ருதா தேவி முதலாக 363 பிஷ்னோய் மக்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிரைக் கொடுத்தார்கள். வறட்சியிலும் தழை தரும், காய் தரும், நிழல் தரும் மரம் அவர்களுக்கு அது.

ஜெய்சல்மேரில் ஒரு பகல்

கி.பி. 1156-இல் ராவல் ஜெய்சல் நிறுவிய கோட்டை. திரிகூடக் குன்றின்மேல் 99 கொத்தளங்களோடு மஞ்சள் மணற்கல்லில் எழும்பி நிற்கிறது. உள்ளே இன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள். துணி உலர்கிறது, பிள்ளைகள் சந்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள், மாடு வழியை மறிக்கிறது. குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து வாழ்ந்த காலத்துக்காகக் கட்டிய கோட்டைக்குள் குழாயும் கழிப்பறையும் வந்த பிறகு, கசிவு அடித்தளத்தில் இறங்கிச் சுவர்களைப் பலவீனமாக்கியிருக்கிறது. உள்ளே சாப்பிடவோ தங்கவோ செய்யாமல் பார்த்துவிட்டு இறங்குவதே கோட்டைக்குச் செய்யும் நன்மை. ரயிலில் வருகிறவர்களுக்கு அது எளிது.

சமணக் கோயில்களில் வெளியாருக்குப் பெரும்பாலும் முற்பகலில்தான் அனுமதி, ஆகவே முதலில் அங்கே போய்விடுங்கள். பிறகு பட்வோன் ஹவேலி. ஒரு வணிகக் குடும்பம் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐந்து மாளிகைகள். சன்னல் மாடங்களில் கல்லை மரம்போல் இழைத்திருக்கிறார்கள். ஒட்டகங்களோடு வணிகக் கூட்டங்கள் வந்துபோன காலத்துச் செல்வம் அது. வணிகம் பம்பாய் வழியாகக் கடல்வழிக்கு மாறியதும், 1947-இல் எல்லை மூடப்பட்டதும் ஊரின் வாழ்வை வற்றச்செய்தன. கடிசர் ஏரியையும் பாருங்கள். அண்மைக்காலம் வரை இந்த ஊருக்கே குடிநீர் அதுதான்.

மாலையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் மேற்கே சாம் மணல்மேடு. படத்தில் பார்த்த மணல் இதுதான். இங்கே கூட்டமும் ஜீப் இரைச்சலும் இருக்கும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து பத்து நிமிடம் தள்ளி நடந்தால் மணல் உங்களுக்கே. ஒட்டகத்தில் ஏறினால் ஒன்றை நினைவில் வையுங்கள். அது எழும்போது பின்னங்கால்களை முதலில் தூக்கும். உட்காரும்போது முன்னங்கால்களை முதலில் மடக்கும். இரண்டு தடவையும் உடல் முன்னால் சாயும். ஆகவே இரண்டு தடவையும் சேணத்தை இறுகப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும்.

இரவு விருந்தில் பாட வருகிறவர்கள் பெரும்பாலும் மாங்கணியார் அல்லது லங்கா இசைக்குடும்பத்தினர். தலைமுறை தலைமுறையாகப் பாடுகிற முஸ்லிம்கள். மாங்கணியாரை ஆதரித்த புரவலர்கள் பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். அந்த வீடுகளின் பிறப்பு, திருமணம், வம்சாவளி எல்லாம் இவர்கள் பாட்டில் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் பின்னணி ஓசையாக அவர்களை விட்டுவிடாதீர்கள். தட்டை வைத்துவிட்டு அருகில் போய் உட்காருங்கள். காமாய்ச்சா இருந்தால் வாசிக்கும்படி கேளுங்கள். மாமரத்தில் குடைந்த வட்டக் குடத்தின் வாயில் ஆட்டுத்தோல் போர்த்தி, நரம்பும் கம்பியும் கட்டி, வில்லால் இழைக்கும் கருவி. அடித்தொண்டையில் ஒருவர் முனகுவது போன்ற கனத்த நாதம் அதில் வரும். வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். கர்த்தால் என்ற மரக்கட்டைகளை இரு கைகளிலும் வைத்துக்கொண்டு விரல் தெரியாத வேகத்தில் தாளம் போடும் சிறுவர்களையும் பார்க்கலாம். அன்பளிப்பைக் குழுத் தலைவரிடம் நேரில் கொடுங்கள்.

சாப்பாடு

ரயிலில் ஐரோப்பிய உணவும் கிடைக்கும். அதை மற்ற ஊர்களிலும் சாப்பிடலாம். இங்கே தால் பாட்டி சூர்மா (பருப்பு, சுட்ட கோதுமை உருண்டை, இனிப்புப் பொடி), கடலைமாவில் செய்யும் கட்டே குழம்பு, கம்பு ரொட்டி, புலால் சாப்பிடுகிறவர்களுக்கு லால் மாஸ் எனும் காரமான ஆட்டுக்கறி. எல்லாவற்றுக்கும் மேலாகக் கேர் சாங்கிரி. சாங்கிரி என்பது முன்னே சொன்ன வன்னி மரத்தின் காய், கேர் ஒரு முட்புதரின் சின்னஞ்சிறு காய். இரண்டையும் காயவைத்து, வேண்டும்போது ஊறவைத்து, மிளகாயும் ஆம்சூர் எனும் மாங்காய்ப் பொடியும் எண்ணெயும் சேர்த்து வதக்குகிறார்கள். வற்றல் போட்டு வைக்கும் வழக்கமுள்ள நமக்கு அந்தத் துவர்ப்பும் புளிப்பும் உடனே பிடித்துவிடும். உணவுப் பெட்டியில் இல்லையென்றால் கேளுங்கள். முதல் நாளே சொன்னால் செய்துகொடுக்க முயல்வார்கள். எண்ணெயும் நெய்யும் அதிகம் என்பதால் ஒரு வேளை மோரும் சாதமும் என்று வைத்துக்கொள்வது வயிற்றுக்கு நல்லது.

ஜோத்பூரும் மிச்சமும்

மெஹ்ரான்கர், ராவ் ஜோதா 1459-இல் தொடங்கிய கோட்டை. மேலே போக லிஃப்ட் உண்டு. நடக்க முடியாதவர்கள் தயங்காமல் கேளுங்கள். ஒலி வழிகாட்டியும் நன்றாக இருக்கும். உமேத் பவன் அரண்மனையின் கட்டுமானம் 1929-இல் தொடங்கி 1943-இல் முடிந்தது. பஞ்சத்தில் வேலையிழந்தவர்களுக்குக் கூலி கிடைக்கச் செய்யவே அது எழுப்பப்பட்டது. செவ்வாய்க்கிழமை பரத்பூரின் பறவைகள் காப்பகத்துக்கு அதிகாலையில் போக வேண்டும். தூக்கம் கெட்டாலும் குளிர்காலத்தில் அது வீண்போகாது. வேறு ரயிலில் ஆக்ராவுக்குப் போகிறவர்கள் தாஜ்மகாலுக்கு வெள்ளி விடுமுறை என்பதை அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைகளைப் பற்றி. சுற்றுலா வழிகாட்டிகள் கைவினைக் கடைகளுக்குக் கூட்டிப்போவது எங்கும் உள்ள பழக்கம். ஒரு மணி நேரம் கடையில் போனால் அது கோட்டையில் கழிக்க வேண்டிய ஒரு மணி நேரம். வேண்டாம் என்றால் பணிவாகச் சொல்லிவிட்டு பஸ் நிற்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்துவிட்டு வாருங்கள். ரயில் ஊழியர்களுக்கான அன்பளிப்பைக் கடைசி நாளில் கொடுப்பது முறை. பொதுப் பெட்டியில் போட்டால் சமையலறையில் இருப்பவர்களுக்கும் போய்ச் சேரும்.

அவ்வளவு செலவு முடியாது என்றால்

சாதாரண ரயிலிலேயே இந்தப் பாலைவனத்தைப் பகலில் பார்க்கலாம். சொல்லப்போனால் இன்னும் அதிகமாகவே பார்க்கலாம். டெல்லியிலிருந்து மண்டோர் எக்ஸ்பிரஸில் இரவோடு இரவாக ஜோத்பூர் போய்விடுங்கள். இரண்டு நாள் அங்கே தங்கிவிட்டு, ஜெய்சல்மேருக்குப் பகலில் போகும் ரயிலில் ஜன்னலோரச் சீட்டாகப் பிடியுங்கள். ஏறக்குறைய 300 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம், முழுவதும் தார் நிலம். ரிசர்வ் செய்யும்போது திறக்கக்கூடிய ஜன்னல் வேண்டுமா, தூசி படாத குளிர்சாதனப் பெட்டி வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்; ஏசிப் பெட்டியின் கண்ணாடி பல நேரம் அழுக்காகவே இருக்கும். தங்குவதற்குப் பழைய ஹவேலிகளை விடுதியாக்கியிருக்கிறார்கள். பேலஸ் ஆன் வீல்ஸின் ஓர் இரவுக் கட்டணத்தில் அங்கே பல நாள் தங்கலாம்.

பழைய மீட்டர் கேஜில் போக ஆசைப்படுகிறவர்களுக்கு, 2023 அக்டோபரில் தொடங்கிய வேலி குயின் பாரம்பரிய ரயில் இருக்கிறது. மார்வார் ஜங்ஷனிலிருந்து காம்ளி காட் வரை அரவல்லி மலையேறும் பகல் பயணம், அகன்ற கண்ணாடிப் பெட்டி. ஜோத்பூரில் தங்கியிருக்கும்போது ஒரே நாளில் போய்வரலாம். தினமும் ஓடுவதில்லை, அது ஓடும் கிழமைகளைப் பார்த்துவிட்டு ஜோத்பூரில் அறை பதிவு செய்யுங்கள்.